சுடாத கால்

எங்கள் தோட்டத்துக் கோயிலில் பதினாறு வருஷம் தீ மிதித்தவள் நான். முதல் சில வருஷம் நன்றாகச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் ஒரு வருஷம் சுடவே இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. ஈரச் சிமெண்டுத் தரையில் நடப்பதுபோல நடந்து வந்தேன். ஆத்தா என் காலைக் கையில் ஏந்திக்கொண்டாள் என்று லாபிஸ் ஊர் முழுக்கச் சொன்னேன். அதில் எனக்குக் கர்வம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன வருஷம் மிதித்த பிறகு வலது உள்ளங்காலில் புண். எனக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து மகள்தான் கத்தினாள். இனிப்பு நீர் வியாதி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. கால் நரம்பு செத்திருக்கலாம் என்று கிளினிக்கில் சொல்லி, ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

"நரம்பு சாவுறதாவது! அது ஆத்தா," என்றேன்.

"சரிம்மா, அங்க இருக்குற மெஷின் சொல்லட்டும். ஆனா அது சொல்றத நீங்களும் கேக்கணும்," என்றாள் மகள். அன்றைக்குச் சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்தாள்.

வெளியே போகிறோமே என்று தலையில் எண்ணெய் தேய்த்து, இறுக்கிக் கொண்டை போட்டுப் போனேன். மூளையைச் சோதிக்கத் தலையில் ஒட்டும் ஒயர் அந்த எண்ணெயில் ஒட்டவில்லை. நர்ஸ் மூன்று தடவை துடைத்தாள்.

"அலமாக், பாட்டி! இந்த எண்ணெயில வடை சுடலாம் லா," என்று சிரித்தாள் டாக்டர். நம் தமிழ்ப் பெண்தான், என் பேத்தி வயசு. தலை முழுக்க ஒயர் ஒட்டிவிட்டு, ஒரு சின்னத் தகட்டை முன்கையில் கட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் சூடாகி ஆறிவிடுமாம். அந்தச் சூடு மூளைக்குப் போனால் திரையில் கோடு எழும்பும்.

சுட்டது. தாளிக்கும்போது கடுகு தெறித்த மாதிரி. நான் முகத்தை அசைக்கவில்லை.

"வலிக்குதா பாட்டி?"

"ஒன்னுமில்ல."

"பொய்! இங்க பாருங்க, உங்க மூளை 'ஐயோ'ங்குது." கோடு மலை மாதிரி எழும்பி இறங்கியிருந்தது. மகளும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதே அந்த மெஷின்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வாய் மறைப்பதை அது காட்டிக் கொடுக்கிறது.

தகட்டைப் பாதத்துக்கு மாற்றினார்கள். நான் ஆத்தாவிடம் ஒன்றுதான் கேட்டேன். கோடு எழும்பட்டும், எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கட்டும். அப்படியென்றால் சூடு உள்ளே போகிறது, வலியை அவள் வாங்கிக்கொள்கிறாள் என்று அர்த்தம்.

தகடு டிக் டிக்கென்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். கோடு படுத்தே கிடந்தது.

"சேதி மேல போகவே இல்ல பாட்டி," என்று மெதுவாகச் சொன்னாள்.

"சூட்டக் கூட்டு."

"இதுக்கு மேல கூட்டினா தோல் வெந்துடும்."

"வேகட்டும், கூட்டும்மா."

அவள் மெஷினை நிறுத்திவிட்டு என் காலைத் துடைத்துவிட்டாள். அவள் துடைத்ததும் எனக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது மகள் காரை ஓட்டினாள். நான் வருஷங்களைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். எந்த வருஷம் வரைக்கும் நான் மிதித்தேன்? எந்த வருஷத்திலிருந்து செத்த காலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்? சுட்டபோதுதான் ஆத்தா என்னோடு இருந்தாளோ?

இந்த வருஷத் திருவிழாவில் தீக்குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை மிதித்த பெண் ஒருத்தி குழி முடிவில் ஊற்றி வைத்திருந்த பாலில் காலை வைத்துவிட்டு அழுதபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கால் சிவந்து கொப்புளித்திருந்தது.

"எரியுதுக்கா, தாங்க முடியல. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா சுடாம இருந்துச்சு? எனக்குத்தான் பக்தி பத்தலயா?"

அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அழுகை நின்றிருக்கும். எனக்கு வாய் வரவில்லை.