மிஷினை மாற்றினார்கள், என் காதைக் கழற்றினார்கள்

ஏலக்காய் மண்டியில் லாட் பட்டியல் போடுகிற சோலிக்குக் கண் எதற்கு, காதும் பத்து விரலும் போதும் என்று ஆறு வருஷமாகச் சொல்லித் திரிந்தவன் நான். அதற்கு முன்னால் பெங்களூரில் இருபது வருஷம், போன் வழியாக அடுத்தவர் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்த ஆள். போடிக்குத் திரும்பி வந்ததும் கிடைத்த வேலை இது. எந்த விவசாயியின் காய், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று வரிசையாக அடித்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். திரையில் இருப்பதைத் திரைவாசிப்பான் எனக்குப் படித்துச் சொல்லும். காதால் கம்ப்யூட்டர் பார்க்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கண்ணால் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். அந்தப் பொறுமை எங்களுக்குத் தினமும் தேவைப்படுகிறது.

திங்கட்கிழமை வந்த இடி

ஒரு திங்கட்கிழமை காலையில் போய் உட்கார்ந்தால் மேசையில் என் மிஷின் இல்லை. வேறு கம்பெனி மிஷின், வேறு இயங்குதளம். முதலாளி மதுரையில் யாரோ ஒரு நண்பர் ஆபீசில் பார்த்தாராம், அழகாக இருந்ததாம், நாலு வாங்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வீட்டில் இருபது வருஷம் குடியிருந்தவனைத் தூக்கத்திலேயே தூக்கிக் கொண்டுபோய் வேறு வீட்டில் போட்ட மாதிரி. என் சுண்டுவிரல், திரைவாசிப்பானின் எல்லாக் கட்டளைக்கும் முதலில் அழுத்துகிற இன்ஸர்ட் கீயைத் தேடுகிறது. அந்த மிஷினில் இன்ஸர்ட் கீயே கிடையாது. படி என்றால் படிக்க ஒரு கட்டளை, நிறுத்து என்றால் நிறுத்த ஒரு கட்டளை, கட்டத்துக்குக் கட்டம் தாவ ஒரு கட்டளை, எல்லாமே வேறு.

பழையதை எனக்கு மட்டும் திருப்பித் தாருங்கள் என்றேன். அதை அன்றைக்கே விற்றுத் தள்ளிவிட்டாராம். “எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வாங்கியாச்சு அப்பு, உனக்கு மட்டும் என்ன தனியா? இந்த வாரம் செல்வி போடட்டும், அடுத்த வாரம் வெள்ளிக்குள்ள உன் பட்டியல் வந்தா உன் சோலி உனக்கு, வரலேன்னா எப்பவும் செல்விதான், நீ போன்ல உக்காந்து அலோ சொல்லு.”

தேனியிலிருந்து வந்த நிபுணர்

செல்வி எங்கள் கணக்குப்பிள்ளை. எனக்குப் பக்கத்து மேசை. மிஷினை அமைத்துக் கொடுக்கத் தேனியிலிருந்து ஒருவர் வந்தார். என் தோளுக்கு மேலே நின்றுகொண்டு, என்னைப் பற்றிய எல்லாக் கேள்வியையும் செல்வியிடம் கேட்டார். இவருக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குமா? இவர் மவுஸ் பிடிப்பாரா? “நான் இங்கதான் இருக்கேன் தம்பி” என்றேன். “ஆமா ஆமா” என்று செல்வியைப் பார்த்தே சொன்னார்; குரல் போன திசை எனக்குத் தெரியாதா?

அந்த மிஷினிலேயே திரைவாசிப்பான் இருந்தது. தட்டித் தடவி அதை நானே எழுப்பி வைத்திருந்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் சத்தம் நின்றுபோயிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். முதல்முறையாக என்னிடமே பேசினார்: “அது பாட்டுக்கு எதையாச்சும் வாசிச்சுக்கிட்டே இருந்துச்சு சார், வைரஸுன்னு அமத்திட்டேன்.”

மலையாளத்தை முழுங்கிய குரல்

நான் அஞ்சாம் வகுப்பு வரை மலையில் மலையாளம் படித்தவன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அதுதான் இருந்தது. அப்புறம் கீழே வந்து தமிழ். அதனால் போடிமெட்டுக்கு மேலே உள்ள விவசாயிகள் எனக்கு மலையாளத்திலேயே சேதி அனுப்புவார்கள். பழைய மிஷின் அந்த எழுத்தைக் கண்டதும் குரலை மாற்றிக்கொண்டு படிக்கும். புதிய மிஷினில் மலையாளக் குரலை யாரும் ஏற்றவில்லை. எனக்குத் தெரியாததைப் படிக்க முடியவில்லை என்றாவது அது சொல்லலாமில்லையா? சொல்லாது. சத்தமில்லாமல் முழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

அந்த விவசாயிகளில் ஒருவரான வர்கீஸ் சேட்டனிடமிருந்து வந்த சேதியில் எனக்குக் கேட்டது, இலக்கத்தில் எழுதியிருந்த ஒரே ஒரு வார்த்தை: பன்னிரண்டு. பன்னிரண்டு மூட்டை ரெடி போல என்று ஜீப்பை அனுப்பினேன். அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போன ஜீப்பு வெறுமனே இறங்கி வந்தது. பன்னிரண்டு மூட்டையும் இன்னும் காயவில்லை, வியாழன் வரை வர வேண்டாம் என்பதுதான் அவர் எழுதியது. அந்தக் குரல் செட்டிங்ஸில் ஓர் ஓரத்தில்தான் இருந்தது. தேடி ஏற்ற எனக்கு இருபது நிமிஷம். நிபுணருக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் சேட்டன் போனில் வந்துவிட்டார்: “ஜீப்பு வேண்டான்னு எழுதியல்லே அனுப்பிச்சது, வாயிச்சில்லே?”

வாசித்தேன் சேட்டா. மிஷின் வாசித்த வரைக்கும்.

ஆயுத பூஜை

ஞாயிற்றுக்கிழமையும் சாவி வாங்கி வந்து உட்கார்ந்தேன். புதுக் கட்டளைகளை விரலுக்கு ஏற்றினேன். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை ஒரு முழுப் பட்டியலைப் பழகிப் பார்த்தேன், பிசகாமல் வந்தது. செவ்வாய் பூஜை. நான் தேவாரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். புதன் லீவு.

வியாழக்கிழமை காலையில் மிஷின் ஊமை. ஹெட்போன் மாட்டினால் உள்ளே போகவில்லை. கழற்றினால் ஸ்பீக்கரும் பேசவில்லை. அணைத்துப் போட்டேன், மறுபடி அணைத்துப் போட்டேன். தேனிக்குப் போன் செய்தேன்; திரையில் என்ன தெரிகிறது என்று என்னிடம் கேட்டார் நிபுணர். பின்னால் முதலாளி வந்து நின்றார். அரை மணி நேரம்தான். அதற்குள் என் நாற்காலியைப் போன் மேசைக்கு நகர்த்தச் சொல்லிவிட்டார். நகர்த்துகிற சத்தம் கேட்டபோது வந்த கோபம் இன்னும் என் கையில் இருக்கிறது. மிஷின் கெட்டுப்போயிருக்குமோ என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கெட்டது நான்தான் என்று அத்தனை பேருக்கும் தோன்றிவிட்டது.

நின்றபடியே மிஷினை முன்னும் பின்னும் விரலால் தடவினேன். ஓரத்தில், ஹெட்போன் நுழைகிற துளை இருக்கவேண்டிய இடத்தில் துளையே இல்லை. காய்ந்துபோன ஏதோ ஒன்று மழமழவென்று அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். மேலே குங்குமம். உள்ளே போன சந்தனத்தை ஹெட்போன் என்று நம்பி, மிஷின் ஸ்பீக்கரை வாயடைத்து வைத்திருந்தது. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி அணு அணுவாகச் சுரண்டி எடுத்தேன். கடைசித் துணுக்கு வந்ததும் மிஷின் பாதி வார்த்தையிலிருந்து பேச ஆரம்பித்தது.  பக்கத்து மேசையிலிருந்து செல்வி மெல்லச் சொன்னது: “உங்க மிஷின்தானே அண்ணே உங்களப் போட்டு இந்தப் பாடு படுத்துதுன்னு, அந்த ஓட்டைக்குள்ள நல்லா அழுத்தி வச்சேன்.”

வெள்ளிக்கிழமை, பதினொன்றரை

நாற்காலியை நானே திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாற்பத்தோரு லாட். வெளிச்சம் எனக்கு எதற்கு, திரையை எப்போதும்போல அணைத்து வைத்துத்தான் அடித்தேன். அனுப்பியும் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கறுப்புத் திரையையும் அதற்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்திருக்கிறார். “என்ன அப்பு, மிஷினக்கூடப் போடாம உக்காந்திருக்க? செல்வியக் கூப்பிடவா?” என்றார். பட்டியல் போய் கால் மணி நேரம் ஆச்சு முதலாளி என்றேன். செல்வி தன் மிஷினில் திறந்து காட்டினாள். ஒவ்வொரு வரியாக முணுமுணுத்துப் படித்துப் பார்த்தார். என் மேசை எனக்கே நிலைத்தது. ஒரு மன்னிப்பாவது வரும் என்று, வெட்கமில்லாமல், காத்திருந்தேன்.

“அதான் வெரசா முடிச்சிட்டியே. அப்ப மாத்துனதுல உனக்கு ஒரு கஷ்டமும் இல்லேல்ல?”

நம்மைப் போன்றவர்கள் தோற்றால் கண் தெரியாததால் தோற்றான் என்பார்கள், ஜெயித்தால் கஷ்டமே இல்லை என்பார்கள். நடுவில் கிடந்து அல்லாடிய பன்னிரண்டு நாளை மட்டும், இத்தனை நல்ல கண் இருந்தும், ஒருத்தர்கூடப் பார்க்க மாட்டார்கள்.