வாஹித் அண்ணன் மன்னித்த வெள்ளிக்கிழமை

பேகம்பூரில் எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்தால், வயதானவர்களின் செருப்புகள் மட்டும் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். குனிந்து தடவாமல் காலை நுழைத்துக்கொண்டு போகலாம். திருப்பி வைப்பது யாரென்று பலருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அப்துல் வாஹித் அண்ணன்தான். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். தொப்பியைச் சரிசெய்வதுபோல நகர்ந்துவிட்டார்.

அண்ணனுக்குச் சொந்தக் கைவண்டி உண்டு. சந்தைகளில் பச்சைத் தோல் ஏற்றிவந்து தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போடுவார். வடமதுரை ரோட்டில் ஓரமாக வண்டியை இழுத்து வந்தவர்மேல் பின்னாலிருந்து ஒரு பஸ் ஏறியது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிரை அல்லாஹ் மிச்சம் வைத்தான்.

கட்டையை ஊன்றிக்கொண்டு அவர் தொழுகைக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, பஸ் டிரைவர் சோலைமலை பள்ளிவாசல் வாசலில் நின்றான். பஸ் கம்பெனி மேனேஜரும் கூட நின்றார்.

"பாய், கண்ணை மூடுனா நீங்கதான் வாரீக. சோறு எறங்கல. மன்னிச்சிருங்க" என்று சோலைமலை அழுதான்.

ஜமாத்தார் எல்லோர் காதிலும் விழும்படி அண்ணன், "மாப்பு குடுத்துட்டேன் தம்பி, போய்ச் சாப்பிடு" என்றார். மேனேஜர் வேகமாகத் தலையாட்டிக்கொண்டு போனார்.

அதோடு வழக்கும் முடிந்ததென்று அண்ணன் எண்ணிக்கொண்டார். மன்னித்த பிறகு நஷ்டஈடு கேட்பது கொடுத்த வாக்கைத் தின்பதாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அண்ணி சைனம்பு தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெந்தது. அண்ணன்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். அண்ணி கையைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவருக்கு வேறு கவலையே இல்லை.

ஆறேழு மாதம் போனபின் பிடிவாதமாக அவரை ஒரு வக்கீலிடம் அழைத்துப்போனேன். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பாய், நீங்க மன்னிச்சது டிரைவரை. நஷ்டஈடு பஸ் முதலாளி பேர்ல கேக்குறது. அவருக்காக இன்ஷூரன்ஸ்காரன் கட்டுவான். போலீஸ் கேஸ் வேற, இது வேற. ஆனா இதுக்குக் கெடு உண்டு, அது தாண்டிருச்சு. தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னா ஏத்துக்கலாம். 'இத்தனை நாளும் படுத்த படுக்கையா கிடந்தேன்'னு சொல்லுங்க."

"பள்ளிக்குப் போய்க்கிட்டுத்தான இருந்தேன் வக்கீலய்யா? ஊரே பாத்துச்சே."

வீட்டில் இதைக் கேட்டதும் அண்ணி பிடித்துக்கொண்டார். "மாப்பு குடுக்கன்னா வாய் அம்புட்டு நீளுது. நமக்குன்னு கேக்கச் சொன்னா ஒட்டிக்கிருதாக்கும்!"

"ஏலே ஜமாலு, எனக்குப் போனது ஒத்தக் காலு. உங்க அண்ணி வாய்க்கு நாலு காலு" என்றார் அண்ணன். அண்ணி சிரிக்கவில்லை.

வழக்குப் போட்டோம். மதுரைக்கு நடையாய் நடந்தோம். ஒருநாள் ஜட்ஜு வரமாட்டார், இன்னொரு நாள் எதிர்வக்கீல் வரமாட்டார். கோர்ட்டு வராந்தாவில் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புவோம்.

கடைசியில் ஜட்ஜு, ஏன் தாமதம் என்று கேட்டார். வக்கீல் அண்ணனைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மன்னிச்சா கேக்கக்கூடாதுன்னு நெனச்சுட்டேங்கய்யா. சட்டம் தெரியல" என்றார் அண்ணன்.

சட்டம் தெரியாதது தக்க காரணமாகாது என்று ஜட்ஜு மனுவைத் தள்ளிவிட்டார். அடிபட்டவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: மன்னிப்பது உங்கள் இஷ்டம், வக்கீலை மட்டும் உடனே பாருங்கள்.

மேல்கோர்ட்டுக்குப் போக எங்களில் யாருக்கும் தெம்பில்லை. அண்ணி கை இனித் தாங்காது என்று, பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகளே இருவரையும் அழைத்துக்கொண்டாள். பழனி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அண்ணி மூட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணனைத் தூக்கி உட்காரவைத்தபோது மனசு தாங்காமல் கேட்டேன்.

"அன்னிக்கு மன்னிச்சிருக்க வேணாம்ல, அண்ணே?"

"சோலைமலையவா? அது மன்னிச்சது மன்னிச்சதுதான். அவன் வந்து கேட்டான், குடுத்தேன்" என்றார். பஸ் உறுமியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆனா ஜமாலு, பஸ் முதலாளிக்கு நான் மாப்பு குடுக்கல. அவரு கேக்கவே இல்லையே."