பாறையின் பழைய அளவு

என் அக்கா புருஷனைச் சுரங்கத்தில் 'தண்ணிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவன் குடிகாரர் என்றே நினைப்பான். மனுஷன் டீகூடத் தொடமாட்டார்; குடிக்கிறது பாறைதான். பாறையில் போட்ட துளைக்குள் இரண்டு ரப்பர் அடைப்பை வைத்து, நடுவில் தண்ணீரை அழுத்தி விடுவார். பத்து நிமிஷத்தில் பாறை எத்தனை லிட்டர் உள்ளே இழுக்கிறது என்று மீட்டரைப் பார்த்து எழுதுவார். அளவு ஏறினால் உள்ளே விரிசல் திறந்திருக்கிறது, கீழே யாரும் இறங்கக்கூடாது.

துளை போடுகிறவன் நான். அவருடைய ஒரே தம்பி கீழே பம்ப் பார்த்தான். கலகலப்பான ஆள், என்னை 'ஓட்டை மன்னா' என்பான்.

சுரங்கத்துக்கு மேலே ஏரி. இடையில் இருக்கும் பாறை ஒரு சொட்டும் இழுக்கவில்லை என்று அத்தான் எழுதிக் கொடுத்த பிறகுதான், பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம் வெட்டினோம். வெட்டி முடிந்ததும் மறுபடி அளந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"பக்கத்துல வெட்டினா பாறை தாங்குற பாரம் இடம் மாறும்டா. இறுக்கிப் பிடிச்சிருந்தது விட்டுப்போகும். மூடியிருந்த விரிசல் வாயைத் திறக்கும்."

எனக்கு எந்திரத்தை மறுபடி இழுத்து வைக்கச் சோம்பல். மூன்று மணி நேர வேலை.

"அட போங்க அத்தான்! போன மாசம் அளந்த அதே பாறைதானே, எங்க ஓடிப்போச்சு? பழைய அளவையே போடுங்க."

மச்சினன் பேச்சைத் தட்ட முடியாமல் போட்டுவிட்டார்.

நான்காம் நாள் காலையில் ஏரித் தண்ணீர் பழைய சுரங்கத்துக்குள் இறங்கியது. தம்பியை மறுநாள்தான் எடுத்தோம்.

அடக்கம் முடிந்த கையோடு அத்தான் அளக்க வந்தார். இந்த முறை அவர் கேட்காமலே எந்திரத்தை இழுத்து வைத்தேன். சொட்டும் இழுக்காத அந்தப் பாறை மடமடவென்று குடித்தது, மீட்டர் முள் கடைசிவரை போய் நின்றது. அவர் எழுதவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பழைய அளவைப் போடச் சொன்னது யார் என்று விசாரணையில் கேட்டார்கள். நான் எழுவதற்குள், "யாரும் சொல்லல, நானேதான் போட்டேன்" என்றார். வேலை போயிற்று. பாவி நான், வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்காகிட்டயாவது உண்மையைச் சொல்லிடறேன் அத்தான்."

"வேண்டாம்டா. அவளுக்கும் ஒரே தம்பிதான்."