நாலு மணி வண்டியில் வந்த கேரியர்

பழைய ரயிலைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் காலையில் பல் விளக்கியதும் ஃபோனை எடுத்துவிடுவார். கோவில்பட்டி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் பொழுதன்றைக்கும் கரி இஞ்சின் படமும் மரப்பலகை சீட்டும் மூக்கு வைத்த பஸ்ஸும்தான். ‘அந்தக் காலம் இனி வருமா அண்ணாச்சி’ என்று ஒருவர் போட்டால், கீழே இருபது பேர் கைகூப்புவார்கள். வந்தால் தெரியும். கண்ணில் கரி விழுந்து மூன்று நாள் கசக்கிக்கொண்டு கிடந்தவர்கள்தான் இவர்கள் எல்லாரும்.

எனக்கும் அந்த ரயில் பிடித்துத்தான் இருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் வாக்கப்பட்டு வந்த ஊரில், பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன நிறுத்தம். பிளாட்பாரம் கிடையாது, ஒரு வேப்பமரம், ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். பதினொரு மணிக்குக் கோவில்பட்டி போகும் பாசஞ்சர் அங்கே நிற்கும். விடியலிலேயே மில்லுக்குப் போய்விட்ட ஆண்களுக்கு நாங்கள் அந்த வண்டியில்தான் சுடச்சுடச் சோறு அனுப்புவோம். சோற்றுக்கூடைக்கார அம்மா ஒருத்தி எல்லார் வீட்டுக் கேரியரையும் கூடையில் அடுக்கிக்கொண்டு போய் மில் வாசலில் வைப்பாள். சாயங்காலம் நாலு மணி வண்டியில் காலிக் கேரியர்களோடு திரும்புவாள். என் வீட்டுக்காரர் ஆறு மணி பஸ்ஸில் வருவார். ஆளுக்கு முன்னால் கேரியர் வந்துவிடும்.

தூரத்தில் வண்டி ஊதும்போது குழம்பை இறக்கினால் நேரம் சரியாக இருக்கும். கேரியரைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும்வரை வெயிலில் நிற்பேன். அவரோடு நானும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடப் போவதுபோல ஒரு சந்தோஷம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புத்தி அவ்வளவுதான்.

ஆம்பளை சாப்பிட்டு அனுப்பும் கேரியர் எப்படி இருக்கும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருக்கை காய்ந்து, கறிவேப்பிலை ஒட்டி, திறந்ததும் ஒரு வாடை அடிக்கும். ஒருநாள் அது கழுவி வந்தது. மூன்று அடுக்கும் பளபளவென்று இருந்தன. மூடி விளிம்பில் என்னாலேயே போக்க முடியாத மஞ்சள் கறைகூடப் போயிருந்தது. அவர் வந்ததும் கேட்டேன்.

“மில்லுல பைப்பு போட்டிருக்காம்லா. நானே கழுவிட்டேன்,” என்றார்.

குடித்த தம்ளரை நகர்த்தி வைக்காத மனிதர். மறுநாளும் கேரியர் கழுவி வந்தது. அதற்கு மறுநாளும். பிறகு ஒருநாள் கைப்பிடி இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது. பஞ்சு மில்லில் அடுப்பு ஏது?

கூடைக்கார அம்மாவிடம் கேட்டேன். “மில் வாசல்ல வைக்கேன், வாசல்ல இருந்து எடுத்துட்டு வாரேன். நடுவுல நடக்கது எனக்குத் தெரியாது தாயி,” என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு உப்பு ஒரு கல் கூடினால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். அதனால் மறுநாள் புளிக்குழம்பில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு அனுப்பினேன். மாடுகூட வாய் வைக்காது. நாலு மணி வண்டியில் கேரியர் வந்தது. கழுவித்தான் இருந்தது. அடி அடுக்கில் ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எந்த ஆம்பளைக்குத் தெரியும்? மில்லுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவர் அவள் சமைத்ததைச் சாப்பிட்டார். நான் அனுப்பியதை அவள் சாப்பிட்டாள். என் உப்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு இனிப்பை அனுப்பியிருக்கிறாள். கேலியா, இரக்கமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்கு வேண்டாம். ஆனாலும் கருப்பட்டியை எறிய மனம் வராமல் காப்பியில் போட்டுக் குடித்தேன். அந்தக் கேவலத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் வந்ததும், “குழம்பு எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“நல்லாத்தான் இருந்துச்சு.”

அப்போதே கேட்டிருக்கலாம். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. பிறந்த வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். கேட்டுவிட்டு எந்த வண்டியில் ஏறி எங்கே போக? அதற்குப் பிறகும் ஆறேழு வருஷம் சமைத்து அனுப்பினேன். உப்பைச் சரியாகவே போட்டேன். என் சமையலை அவள் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு.

அகலப்பாதை போட்டபோது எங்கள் ஊர் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். ஊரே மனு எழுதிக் கையெழுத்துப் போட்டது. நான் போடவில்லை. அதற்குப் பிறகு அவர் கேரியரைக் கையோடு கொண்டுபோனார், கழுவாமல் கொண்டுவந்தார். அவள் என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற அந்த வண்டியை நினைத்துச் சந்தோஷப்பட எனக்கும் ஆசைதான். எனக்கென்று இருந்த அதையும் அவர் பிடுங்கிக்கொண்டார்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். பழைய ரயில் நினைவுகளைப் பேசி வீடியோ போட வேண்டும் என்று குழுவில் சொல்லியிருக்கிறார்களாம். அவள் ஃபோனைப் பிடிக்க, இவர் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அந்த ரயில்ல வந்த சோத்துக்கு ஈடு உண்டுமா? கேரியரைத் தெறந்தா ஆவி பறக்கும். இவ கைப்பக்குவம் அப்படி. அத்தன வருசத்துல ஒருநாள், ஒரே ஒருநாள், உப்பு கூடிச்சுன்னு கிடையாது.” கண்ணில் தண்ணீர் வேறு.

“கேட்டியாம்மா, அப்பா எவ்வளவு பெருமையாச் சொல்லுதாவ. நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு,” என்று மகள் ஃபோனை என் பக்கம் திருப்பினாள்.

நாற்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த வாய்.

“உப்பு கூடிச்சா இல்லையான்னு அதைத் தின்னவகிட்டப் போய்க் கேளுட்டி,” என்றேன்.

“யாரும்மா அது?” என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரென்று அவர் மட்டும் கேட்கவில்லை.