கரடியின் கழுத்தும் என் கழுத்தும்

சவரம் செய்யும்போதுதான் அது கையில் பட்டது. கழுத்தின் வலப்பக்கம், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, தோலுக்கடியில் ஒரு சுண்டைக்காய். எச்சிலை விழுங்கினால் மேலே போய்க் கீழே வந்தது. மறுபடி விழுங்கினேன். மறுபடியும் போய் வந்தது. என் உடம்பில் நான் சொன்னபடி கேட்கிற ஒரே உறுப்பு இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அரியலூர்க்காரனுக்குத் தொண்டையில் எது அடைத்தாலும் கவலையில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி மேல் பழியைப் போட்டுவிட்டு வெந்நீர் குடிப்பான். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் முந்தின நாள்தான் மகள் போனில் ஒரு கரடியைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

மகள் மாட்டு டாக்டருக்குப் படித்தவள். சொந்தக்காரர்களிடம் நான் 'டாக்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அவள் மாட்டையும் விட்டுவிட்டு, வடக்கே ஒரு காப்பகத்தில், வித்தைக்காரர்களிடமிருந்து மீட்ட கரடிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டாள். அங்கே வயதான பெண் கரடி ஒன்று. மகள் அதைக் 'கிழவி' என்றுதான் சொல்வாள்.

"முடி கொட்டுது, வெயிட் போடுது, எந்நேரமும் தூங்குதுப்பா. தைராய்டு கம்மின்னு மாத்திரை குடுத்துட்டிருந்தோம். இப்ப கழுத்துல ஒரு கட்டி. முடி மறைச்சதுல முன்னாடியே தெரியல."

முடி கொட்டுதல், எடை கூடுதல், எந்நேரமும் தூக்கம். இருபது வருடமாக என்னைப் பற்றி என் மனைவி சொல்லி வருகிற அத்தனையும் அதில் இருந்தது. அப்போது சிரித்தேன். காலையில் சவரக்கத்தியோடு நின்றபோது சிரிப்பு வரவில்லை. அந்த நிமிடமே மனதுக்குள் ஒரு முட்டாள்தனமான ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது: கிழவிக்கு என்னவோ அதுதான் எனக்கும். இத்தனை புத்தகம் படித்தவன் இப்படி நினைக்கலாமா என்றால், பயம் வந்தால் படித்ததெல்லாம் பயத்துக்குத்தான் துணைபோகிறது.

அதன் பிறகு தினமும் நானே மகளைக் கூப்பிட்டேன். கிழவி சாப்பிட்டதா, கட்டி பெரிதானதா, ரத்தம் எடுத்தார்களா?

"மயக்க ஊசியே வேணாம்ப்பா. கூண்டோட வெச்ச குழாய்க்குள்ள கையை நீட்டப் பழக்கிருக்கோம். இந்தப் பக்கம் கரண்டியில தேன் குடுத்துக்கிட்டே அந்தப் பக்கம் ரத்தம் எடுத்துடுவோம். சமத்து!" என்றாள். அப்பாவுக்குத் தன் வேலையில் இவ்வளவு அக்கறை வந்ததில் அவளுக்குத் தாங்காத சந்தோஷம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

"கண்ணாடியப் பாத்துக்கிட்டே தண்ணி குடிக்கிற ஆம்பளைய இப்பதாங்க பாக்குறேன்," என்றாள் மனைவி. "அழகு கூடுதாங்க?"

அரியலூரில் ஒரு ஸ்கேனுக்குப் போனால், நாம் வீடு திரும்புவதற்குள் நாலு பேர் ஹார்லிக்ஸோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே ரகசிய வியாதிகளை நாங்கள் பெரம்பலூரில்தான் காட்டுவோம். பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறவன் என்பதால், இலக்கியக் கூட்டம் என்று சொல்லிவிட்டு நானும் பஸ் ஏறினேன். பெரம்பலூர் ஸ்கேன் சென்டரில் மூலை நாற்காலியாகப் பார்த்துப் போனால், அங்கே ஏற்கெனவே என் சகலை, மனைவியின் அக்கா வீட்டுக்காரர், செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சகலை. கூட்டமா?"

"ஆமாங்க. நீங்க?"

"வூட்டுல கேட்டா, எனக்குக் கல்யாணம்," என்றார், வயிற்றைப் பிடித்துக்கொண்டே. "நான் உங்களப் பாக்கல, நீங்க என்னப் பாக்கல. சரிங்களா?"

சரி என்றேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் திரையிலேயே கண்ணாக இருந்தார். "கட்டி இருக்குங்க. அதுல ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாத்துடலாம். ரத்தமும் குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாட்டி வரும்போது வூட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க." முதல் வாக்கியங்களைத் தாங்கிக்கொண்டேன். கடைசி வாக்கியம்தான் ஆளைச் சாய்த்தது. துணையோடு கேட்க வேண்டிய செய்தி என்னவாக இருக்கும் என்று அரியலூர் வரை பஸ்ஸில் யோசித்தேன். ஜன்னல் கம்பியை விடவேயில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் மகளிடம் மாட்டிக்கொண்டேன். பயத்தில் ஒருவன் எவ்வளவு மடத்தனமாகக் கேட்பான் என்பதற்கு நான் கேட்டதே சாட்சி.

"கிழவிக்கு விழுங்கும்போது ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்குதாம்மா?"



"அப்பா, கரடி அதெல்லாம் சொல்லாது. யாருக்கு ஒட்டிக்கிட்டிருக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"வீடியோவுல வாங்க. கழுத்த நிமிர்த்துங்க. தண்ணி குடிங்க. இன்னொரு மடக்கு." கரடியிடம் பேசுகிற குரல் அது என்று தெரிந்தது. நானும் மறுபேச்சில்லாமல் குடித்தேன். அவள் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. "எத்தன நாளா? கரடிகூடப் பரவால்லப்பா. வலிச்சா ஒரு ஓரமா உக்காந்துக்கும். நீங்க கூட்டத்துக்குப் போறீங்க."

அடுப்படி வாசலில் மனைவி நின்றிருந்தாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"உங்க சகலை ஸ்கேன் சென்டர்ல பாத்தத அக்கா அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடுச்சுங்க. நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு இருந்தேன்," என்றாள். "ஊரு சிரிக்க எழுதத் தெரியுது. வூட்டுல ஒரு வார்த்த சொல்லத் தெரியல."

கொஞ்ச நாளாகச் சாதம் குழைந்துபோயிருந்தது. ரசமும் கீரையுமாகவே இருந்தது. சமையலில் கவனம் போய்விட்டது என்று நான் முணுமுணுத்திருந்தேன். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று அவள் வடித்த சாதம் அது. அவளுக்கும் பயம் என்று தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்கானது.

கட்டியில் ஊசி குத்தும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். "விழுங்கக் கூடாது, பேசக் கூடாது," என்றார் டாக்டர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. முடிந்ததும் மனைவி கைப்பையைத் திறந்து ஒரு தேன்மிட்டாயை என் வாயில் வைத்தாள்.

"மவ சொல்லிச்சுங்க, குடுக்கச் சொல்லி."

முடிவு கேட்கப் போன காலை, பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மகளிடமிருந்து போன். கிழவியின் முடிவு முதலில் வந்துவிட்டது. புற்று. நுரையீரலுக்கும் போய்விட்டதாம். "ஆபரேஷன் வேணாம்னுட்டாங்கப்பா. வலி இல்லாம வெச்சுக்கலாம், அவ்ளோதான்." அழாமல்தான் சொன்னாள். நான் அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி எழுப்பித்தான் கூட்டிப் போக வேண்டியிருந்தது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"பயப்படற மாதிரி இல்லைங்க. சாதாரணக் கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் பாத்துக்கலாம். தைராய்டு கம்மியா இருக்கு, மாத்திரை சாப்புடணும். காலையில வெறும் வயித்துல. காப்பி அப்புறம்."

கிழவி சாப்பிட்ட அதே மாத்திரை. வெளியே வந்து மகளிடம் சொன்னேன். இப்போது அழுதாள். எனக்காகவா, கிழவிக்காகவா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. என் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மட்டும் தப்பித்துவிட்டதை நினைத்தால் நிம்மதிப்படவே கூசியது.

"கிழவி எப்படிம்மா இருக்கு?"

"காலையில ஊசி எதுவும் இல்லப்பா. சும்மாதான் பாக்கப் போனேன். அதுவா வந்து குழாய்க்குள்ள கைய நீட்டிக்கிட்டு நிக்குது."

"தேன் குடுத்தியா?"

"பாட்டிலோட குடுத்துட்டேன்."

பஸ் கிளம்பியது. ஆறு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. எச்சிலை விழுங்கினேன். மேலே போய்க் கீழே வந்தது. இன்னொரு முறை விழுங்கினேன்.

"போதும்ங்க," என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "அது எங்கயும் போயிடாது."