முதல் பரிசு டீச்சரின் தொண்டை

கோவையில் இசை ஆசிரியர் பயிற்சி முடித்த எங்கள் செட் போன வருடம் ஒன்றுகூடியது. யார் யார் என்ன சாதித்தார்கள் என்று பிளெக்ஸில் போடுவதற்காக எல்லோருக்கும் போன் செய்தவள் நான்தான்.

பட்டியலில் முதல் பெயர் எஸ்தர். தாராபுரத்தில் பள்ளி ஆசிரியை. அவள் பிள்ளைகளுக்கு வருடா வருடம் குழுப்பாட்டில் மாவட்ட முதல் பரிசு. போனில் அவள் குரல் கரகரத்தது.

“மூணு வாரமா இப்படித்தானுங்க அக்கா. கூட்டத்துல பாட வேண்டாம்னு பாக்கறேன்.”

எங்களுக்குத் தொண்டை கட்டுவது ஒரு பெருமை. பிள்ளைகளின் உச்ச சுருதியில் நாள் முழுக்கப் பாடித் தொண்டை போனால்தான் நல்ல டீச்சர் என்று பேசிக்கொள்வோம்.

“மிளகுப் பால் குடிச்சுப்போட்டு வா அம்மணி. நீ பாடாம யாரு பாடுவா?” என்று நான் விடவில்லை.

வந்தாள். இறைவணக்கப் பாட்டில் மேலே போகும்போது சத்தம் நின்றுவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. குரல்நாணில் இரத்தக்கசிவு என்றார் டாக்டர். சிகிச்சைக்குப் பின் பேச்சு வந்தது. பாட்டு வரவில்லை.

இப்போது எந்த டீச்சரின் குரல் கரகரத்தாலும், டாக்டரிடம் போகும்வரை நான் விடுவதில்லை. என் வகுப்பில் பிள்ளைகள் பாடும்போது வாயை மூடிக்கொள்கிறேன்.

எஸ்தருக்குப் போன் செய்யத்தான் துணிவில்லை. போன மாதம் அவளே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள்.

“ஏனுங்கக்கா, ஆர்மோனியத்துலயே சொல்லிக்கொடுத்தேனுங்க. இந்த வருசமும் பிள்ளைங்களுக்கு முதல் பரிசு. அடுத்த கூட்டத்துப் பட்டியல்ல போட்டுக்குங்க.”

பட்டியலில் இன்னும் நான் அதை எழுதவில்லை.