இரண்டு முறை வாங்கிய கிதார்

என் இடது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருக்கின்றன. மற்ற மூன்றும் அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மாதம் போயின.

அன்பானவர்களே, நான் சபை முன்னால் நின்று சாட்சி சொன்னவன் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் சபைப் போதகர் ஐயர், "வாயால சொல்ல முடியாட்டா எழுதிக் கொடும்" என்று ஐந்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போதுதான் எழுதுகிறேன்.

தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் உள்ள ஒரு மர அறுவை மில்லில் எனக்கு வேலை. மலையிலிருந்து வரும் மரத்தடிகளை உருட்டி வாளுக்குக் கொடுக்க வேண்டும். அன்று மழை ஈரம். ஒரு வேங்கைத் தடிக்கு வைத்திருந்த முட்டுக்கட்டை நழுவியது. கையை எடுக்க நேரமில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களையும் எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு.

அதற்கு முன் பதினைந்து வருஷம் நான் எங்கள் சபைக் கோவிலில் கிதார் வாசித்தேன். முன்பிருந்த ஒரு ஐயர் விட்டுவிட்டுப் போன பழைய மரக் கிதார் அது. ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் என் முகம் யாருக்கும் தெரியாது. வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஒவ்வொருவராக ஜெபித்துக்கொண்டு வருவார்கள். என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத் தொடுவேன். அவர் ஆரம்பித்துவிடுவார். ஆண்டவரிடம் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் கிதாரில்தான் சொன்னேன்.

விரல் போன பிறகு அதைக் கோவிலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொருவர் வாசித்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மில் முதலாளி என்னைக் கேட் காவலுக்கு மாற்றினார். விரல்களுக்கு என்று ஒரு தொகையும் கொடுத்தார். என் மனைவி எஸ்தர் அதை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள். எண்ணவில்லை.

எல்லாரும் வந்தார்கள். ஜெபித்தார்கள். எஸ்தர் அழுதாள். நான் ஆமென் சொன்னேன். உள்ளே ஒன்றும் இல்லை. காயம் ஆறியது, கோபம் இல்லை, துக்கமும் இல்லை. குழம்பில் உப்புப் போட மறந்ததை அவள் சாப்பிட உட்கார்ந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டிருந்தேன்.

மறு வருஷம் பங்குனியில் இலத்தூரில் என் அக்காள் இறந்துபோனாள். அம்மா போன பிறகு என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். குழியில் மூன்று பிடி மண் போட்டேன். கண்ணில் ஈரம் வரவில்லை. அக்காள் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் தலைக்கு மேலே இருந்த பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றுதான் பயந்தேன். அதுகூடப் பயம் இல்லை. பயப்பட வேண்டுமே என்ற ஒரு நினைப்பு.

திரும்பி வரும் வழியில் எஸ்தரை முன்னால் நடக்க விட்டு ஒரு ஜெபம் செய்தேன். ஒரே வரி. "ஆண்டவரே, எனக்கு வலியாவது தாரும்." விரலைக் கேட்கவில்லை. சந்தோஷம் கேட்கவில்லை. வலி இருந்தால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரியும். எஸ்தரிடம் இதைச் சொல்லவில்லை. அவள் தன் பங்குக்கு வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். என்ன கேட்டாள் என்று நானும் விசாரிக்கவில்லை.

நாலைந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

ஆவணியில், சீசன் முடிவதற்குள் ஒரு குளியல் குளிக்க வேண்டும் என்று எஸ்தர் என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அருவிக்கு அடியில் நின்றேன். தண்ணீர் தலையில் அடித்தது. பக்கத்தில் ஒருவர், "வே, எத்தன நேரம் நிப்பீரு, நாங்களும் குளிக்க வேண்டாமா" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

துணி மாற்றிக்கொண்டு கடைவீதி வழியாக வந்தோம். மைதீன் பாய் என்பவரின் ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு மின்சாரக் கிதார்கள் தொங்கின. ஒன்று சிவப்பு, எல்லாக் கிதாரையும் போல இடுப்பு ஒடுங்கி, பளபளவென்று இருந்தது. மற்றது என்ன உருவம் என்றே சொல்ல முடியவில்லை. வட்டம் இல்லை, இடுப்பு இல்லை, நடுவில் துவாரம் இல்லை. கழுத்து முடிகிற இடத்திலிருந்து உடம்பு இரண்டாகப் பிளந்து இரண்டு கால்களாகப் போயிற்று. நான் நின்றேன். அது என்ன மரம் என்று பார்க்கத்தான் நின்றேன்.

"ரெண்டும் எஸ்டேட் பங்களாவுல இருந்து வந்தது அண்ணாச்சி. வெள்ளக்காரத் தொர சீமைக்கே போயிட்டாரு" என்றார் பாய். "செவப்பப் பாருங்க, கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கு. இன்னொண்ண மாட்டி வச்சா, கொடியில டவுசர் காயுதானு கேக்கானுவ."

"நல்லாத்தான் கேட்டிருக்கானுவ" என்றாள் எஸ்தர்.

சிவப்பைக் கையில் எடுத்துத் திருப்பினேன். ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. உள்ளே மெல்லிய பலகைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். குற்றாலத்துச் சாரலில் இரண்டு வருஷம் தாங்காது. மற்றதை எடுத்தேன். கனம். தலையிலிருந்து கால் வரை ஒரே பலகை. ரேகை நேராக ஓடியது, ஒரு கணு இல்லை.

"நம்ம மல மரம் இல்ல. ஆனா நல்லா காஞ்சு ஒணந்த மரம்" என்றேன். பல நாளைக்குப் பிறகு யாரும் கேட்காமலே நான் பேசியது அதுதான். எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பாய் சொன்னார்: "செவப்புக்கு அஞ்சு வெரலும் வேணும் அண்ணாச்சி. இது அப்படி இல்ல. மடியில படுக்கப் போட்டு, இந்த இரும்ப மேல வழுக்கி விடணும். வெரலே இல்லாதவன்கூட..." அப்போதுதான் என் கையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க பாய்" என்றாள் எஸ்தர். "பாதியில நிறுத்தாதீங்க."

பாய் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார். அதை மடியில் வைத்தார். இரண்டு கால்களும் தொடைக்கு ஒன்றாக என் மடியில் படிந்தன. ஆட்டினாலும் நழுவவில்லை. அந்த உருவம் எதற்கு என்று அப்போது புரிந்தது. இரும்புக் கட்டியை என் இடது கையில் வைத்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்துக்கொண்டன. அதற்கு மூன்றாவது விரல் தேவைப்படவில்லை.

அங்கே எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வாங்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஓடு மாற்ற வேண்டிய வீடு எங்களுடையது. நான் அதைச் சொன்னேன். அவள், "அந்தப் பணத்துல ஓடு போட்டா அடியில எனக்கு ஒறக்கம் வராது. அரிசி வாங்கினா தொண்டையில எறங்காது. அதுக்கு இது ஒண்ணுதான் சரி" என்றாள். மறு வாரம் போய் வாங்கினோம். பழைய ரேடியோப் பெட்டி ஒன்றில் கம்பி இணைத்து, அதன் வழியாகச் சத்தம் வரும்படி பாய் செய்து கொடுத்தார்.

எஸ்தரின் பழைய சேலையில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தோம். கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, கலப்பையா?" என்றார். "ஆமா, உழுது போட்டுட்டு வாரோம். அதுக்கும் டிக்கெட் கிழிச்சிராதேயும்" என்றாள் எஸ்தர்.

எங்கள் பக்கத்தில் புதிதாக வாங்கிய எதையும் கோவிலில் வைத்து ஜெபிக்காமல் பயன்படுத்த மாட்டார்கள். கார் நெல் அறுப்பு முடிந்து புரட்டாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. அதுவரை அந்தக் கிதாரை நான் வாசிக்கவில்லை. பண்டிகை அன்று பீடத்துப் படிகளில் நெல், பூசணி, வாழைத்தார், கோழி என்று காணிக்கைகள் குவியும். ஜெபத்துக்கு மட்டும் கொண்டு வரும் பொருள்களும் அங்கேதான் வைக்கப்படும். வித்தியாசம் ஒன்றுதான். ஜெபத்துக்கு வைப்பதைத் துணியால் மூடி வைக்க வேண்டும். அது வீட்டுக்குத் திரும்பும். மூடாமல் வைப்பது ஆண்டவருக்குக் கொடுத்தது. அது ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போகும்.

பதினைந்து வருஷம் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் படியில் வைக்கும்போது சேலையின் கிழிசல் கண்ணில் பட்டது. ஆண்டவர் முன்னால் கிழிந்த சேலையா என்று நினைத்தேன். உருவி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வேறெதுவும் புத்தியில் ஏறவில்லை. எஸ்தர் வெளியே சபையாரின் அசன விருந்துக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

கோவில் முற்றத்தில் ஏலம் நடந்தது. சாமுவேல் வாத்தியார்தான் எப்போதும் ஏலம் விடுகிறவர். ஒரு சேவல் போனது. ஒரு வாழைத்தார் போனது. பிறகு அவர் என் கிதாரைத் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரு கொடுத்தது, எந்த மரத்துல காய்ச்சதுனு தெரியல. கேளுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூடாமல் வைத்தபின் அது என்னுடையதும் இல்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்ட ஒருவரை எங்கள் சபையில் நான் பார்த்ததில்லை.

இலஞ்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஞானமுத்து அண்ணாச்சி, "பத்து ரூவா. வீட்டு முன்னால மாட்டுனா வாறவன் துண்டு காயப்போடலாம்" என்றார். யாரோ பன்னிரண்டு என்றார்கள். அண்ணாச்சி பதினைந்து என்றார்.

"பதினஞ்சு ஒரு தரம்."

அண்ணாச்சி வந்து அதன் ஒரு காலைப் பிடித்தார். அவர் கெட்டவர் இல்லை. கனம் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் கை அந்த மரத்தில் பட்டதும் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன். இருபது என்றேன். சத்தம் வரவில்லை.

"பதினஞ்சு ரெண்டு தரம்."

"இருபது" என்று கத்தினேன். அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. என்னை அத்தனை பேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி உடனே கையை எடுத்துவிட்டு, "வச்சுக்கிடும்வே" என்றாராம். அது என் காதில் விழவில்லை. "இருபது ஒரு தரம்" என்று வாத்தியார் சொன்னதுதான் விழுந்தது. யாரோ கொண்டுபோய்விடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"இருபத்தஞ்சு" என்றேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "இருபத்தஞ்சு, ஒரு தரம்."

"முப்பது."

"வே, உம்ம வெலைக்கு மேல நீரே கேட்டா நான் எப்பம் ஏலத்த முடிக்க?"

அவர் சொன்னது காதில் விழுந்தது, ஆனாலும் வாயிலிருந்து முப்பத்தைந்து வந்துவிட்டது.

"மூணு தரம்" என்று வாத்தியார் ஒரே மூச்சில் முடித்தார். "யாராவது இந்த மனுசன் வாயப் பொத்துங்க. விட்டா இன்னைக்கே கோவிலுக்கு மாடி கட்டிருவாரு."

முற்றமே சிரித்தது. கிதாரை என் கையில் கொடுத்தார்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் போனேன். சுவரோரம் உட்கார்ந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு இல்லாத மூன்று விரல்களும் வலித்தன. அடிபட்ட அன்று வலிக்காத வலி. சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தது போல இருந்தது. பிறகு அக்காள் முகம் வந்தது. அழுதேன். மாடு கத்துவது போல அழுதேன்.

எஸ்தர் கையில் சோற்றுப் பருக்கைகளோடு ஓடி வந்தாள். "என்ன செய்யுது?"

"கை வலிக்கி."

"எங்கன?"

இல்லாத இடத்தைக் காட்டினேன். அவள் என் எதிரில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த ஒரு வருசமா எங்க போயிருந்தீய நீங்க?" என்றாள். அவளும் அழுதாள். அப்போதுதான் இலத்தூர் வழியில் நான் செய்த ஜெபத்தை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பம் வலிக்கட்டும். நல்லா வலிக்கட்டும்" என்றாள்.

என் ஜெபத்துக்குப் பதில் இப்படித்தான் வந்தது. என் புத்தி ஒரு நிமிஷம் மழுங்கியதை ஆண்டவர் பயன்படுத்திக்கொண்டார். விரல் பணத்தில் வாங்கியதை என் கையிலிருந்து எடுத்து, எனக்கு அது வேண்டும் என்று என் வாயாலேயே கத்த வைத்து, திருப்பிக் கொடுத்தார். ஏலப் பணத்தை அடுத்த பண்டிகைக்குள் கட்டலாம் என்று ஐயர் சொன்னார். கேட் காவல் சம்பளத்தில் கட்டி முடித்தேன். எந்தப் பணத்தையும் அவ்வளவு மனதோடு நான் கட்டியதில்லை.

வாசிக்கப் பழக ஒரு வருஷம் பிடித்தது. இப்போது அறுபத்தெட்டாம் வருஷம். ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். இதை ஆர்மோனியத்துக்குப் பின்னால் மறைக்க முடியாது. கால்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சாரல் நாட்களில் கை இன்னும் வலிக்கிறது. அப்போதெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தால் பக்கத்துக்காரரைத் தொடுவதில்லை. இரண்டு வரி ஜெபிக்கிறேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

ஜெபத்தில் மற்றவர்கள் அழும்போது, எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் வரவில்லை என்று கடைசி பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். வராததை வந்தது போலக் காட்ட வேண்டாம். வரவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். ஒரு வரி போதும். அவர் கேட்பார். நாள் ஆகலாம். நீங்கள் நினைக்காத வழியில் வரலாம்.

சனிக்கிழமை மத்தியானம் மில் விட்டதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கை கால் அடிபட்டு வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். நீங்களும் வாருங்கள். நான் அதிகம் பேச மாட்டேன். அடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.